தோணிக்காரர் என்று சொன்ன மத்தியானம்

இதை முதலில் எனக்குச் சொன்னவள் பெர்ப்பேத்தம்மாவேதான். போன வருஷம் பெரிய வியாழன் பின்னேரம், பாதம் கழுவுகிற சடங்கு முடிந்து சனம் கலைந்த பிறகு, கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் விட்டு விட்டுச் சொன்னதை நான் ஒரு கோவையில் வைக்கிறேன், அவ்வளவுதான்.

நெடுந்தீவுக் கோட்டைக்குள்ளே, கூரையில்லாத ஒரு அறையில், சுவர் நிழல் ஒரு பாய் அகலத்துக்கு விழுந்திருந்த இடத்தில் பெர்ப்பேத்தம்மா குந்தியிருந்தாள். தன் மனிசனைக் காட்டி, அது தோணிக்காரர் என்று அவள் சொல்லி அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. சொன்ன சொல் இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை. நாக்கால் தேடினால் அகப்படாது, எச்சில் விழுங்கினால் குத்தும். அவள் செபமாலையைக் கையில் எடுத்தாள், முதல் மணியைப் பிடித்தாள், பிடித்தபடியே இருந்தாள். பொய்யா அது? தோணி அவருடையது. அவருடைய தகப்பன் கட்டினது. தோணி வைத்திருக்கிறவரைத் தோணிக்காரர் என்று சொன்னால் அதில் என்ன பொய், சாமியாரிடம் போய் நின்றாலும் அவர் சிரித்துவிட்டுத்தானே அனுப்புவார். அப்படி நினைத்துக் கொஞ்சம் மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. அதற்கு முன்னால் இன்னொன்று சொன்னாளே, அவருக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருக்கிறார் என்று. அதை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பொய்தான். வீட்டில் படுத்திருக்கிறார் என்று அவள் சொன்ன மனிசன் அந்த நேரம் பத்தடி தள்ளி, வெறும் மேலோடு, சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, கோட்டைச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். சேட்டு இல்லாமல். அந்தச் சேட்டுத்தான். எங்கே தொடங்கினாலும் மனம் அந்தச் சேட்டில் போய்த்தான் தட்டிக்கொண்டு நின்றது.

ஏனென்றால் அவர் கேட்டார். பின்னின தென்னோலைக் கிடுகு முழுவதையும் தோணியிலிருந்து இறக்கி முடித்து, கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு, ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, சேட்டைப் போடவோ என்று கேட்டார். நல்ல சேட்டு, கோடு போட்டது, சொப்பின் பையில் சுற்றித் தோணியின் முன்பக்கத்து அணியத்துக்குள் வைத்திருந்தது. அந்தத் தீவுக் கோயில் திருநாள் பந்தலுக்குக் கிடுகு கொண்டு வந்தவர்கள் என்று சாமியார் கூப்பிட்டால் போடுவதற்கென்று அவளே மடித்து வைத்தது. சாமியார் கூப்பிடவில்லை, கோயில் சங்கத்துப் பெடியள் இரண்டு பேர் வந்து எண்ணி எடுத்துக்கொண்டு போனார்கள். காற்று அப்படியே விழுந்துவிட்டது. பின்னேரம் மூன்று மணிக்கு மேலேதான் சோழகக் காற்று எழும்பும், அதுவரைக்கும் பாய் விரித்துப் பயனில்லை. எங்கள் துறையில் மெசின் பூட்டாத தோணி அது ஒன்றுதான், காற்று வரச்சொன்னால்தான் வரும். அப்போதுதான் கயித்தான், அதுதான் அவளுடைய மனிசன், கோட்டையைப் பார்த்து வருவமோ என்றார். நாற்பது வருஷமாக அந்தக் கோட்டை முகட்டைக் கடலில் நின்று குறி பிடித்துத்தான் அந்தத் துறைக்கு வருகிறாராம், ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லையாம். அவருக்கு இப்போது வலக்கண்ணில் வெள்ளை படர்ந்து, இடக்கண்ணிலும் புகை மாதிரி. கோட்டையை முழுதாகப் பார்க்க முடியாத காலத்தில் கோட்டையைப் பார்க்கப் போவோம் என்கிறார். கலியாணம் கட்டின புதிதில் மடு மாதா திருநாளுக்குக் கூட்டிக்கொண்டு போகக் கேட்ட அதே குரல். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, அதை மறைக்கத்தான் பேச்சை வெட்டினாள். சேட்டைப் போடவோ என்றதற்கு, ஆர் இப்ப உங்களைப் பாக்கப்போகினம், வாங்கோ சும்மா என்றாள். அவர் சிரித்துக்கொண்டு பின்னால் வந்தார். சேட்டு போட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டாள். சேட்டு போட்டிருந்தால் இதுதான் என்ர மனிசன் என்று சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாளா? யேசுவே, சொல்லியிருப்பாளா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கோடு போட்ட சேட்டோடு அவரை நிறுத்திப் பார்த்தாள். அப்போதும் வெள்ளைக்கண் இருந்தது. கிடுகுத் தூசு தலைமயிரில் இருந்தது. கயிறு அறுத்த கை இருந்தது. சேட்டு ஒன்றையும் மூடவில்லை. மூட வேண்டிய ஒன்று அவரிடத்தில் இருக்கவுமில்லை, தன்னிடத்தில்தான் இருந்தது என்று தெரிந்தபோது அவள் செபமாலையை மடியில் போட்டுவிட்டாள்.

வரும்போது எப்படி வந்தார்கள். வாசலில் பலகை ஒன்று நாட்டியிருந்தது, மூன்று பாஷையில். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டிக் கூட்டித் தமிழில் இருந்ததை அவருக்கு வாசித்தாள். பறங்கியர், ஒல்லாந்தர் என்று வந்த இடங்களில் அவர் ம், ம் என்று கேட்டார். கடலில் அவர்கள் அப்படித்தான். மூன்று பிள்ளைகளும் கடல் தாண்டிப் போன பிறகு தோணிக்கு வேறு கை இல்லை, ஏழு வருஷமாக அவள்தான் அவருடைய கை. இரண்டு வருஷமாகக் கண்ணும் அவள்தான். அவள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு குறியைச் சொல்லுவாள், கோயில் முடி பனைக்கு வலப்பக்கம் என்று. அவர் பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே சொல்லைத் திருப்பிச் சொல்லுவார், பனைக்கு வலப்பக்கம் என்று. திருப்பிச் சொன்னால்தான் கேட்டது என்று அர்த்தம். வீட்டிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. சோறு போட்டாச்சு என்றால், போட்டாச்சு என்பார். கோட்டைக்குள்ளே வந்ததும் அவர் சுவரில் உள்ளங்கையை வைத்தார். முருகைக்கல். கடலுக்கு அடியில் கிடந்த கல்லை அறுத்து எடுத்து அடுக்கின சுவர், கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் ஒரு கோலம். அவர் பார்க்காமலே விரலால் தடவி, இது மூளைக்கல்லு, இது பூக்கல்லு, இதுக்குள்ள ஒரு சிப்பி கிடக்கு பார் என்றார். அவள் பார்த்தாள், சிப்பி கிடந்தது. எத்தனை நூறு வருஷமோ, ராசாக்களும் துரைமாரும் வந்து போய்விட்டார்கள், அந்தச் சிப்பி அங்கேயே இருக்கிறது. அவளுக்கு அதைக் கண்டதும் அழுகை போல ஒன்று வந்தது. நல்ல அழுகை. அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து ஒரு குரல் சம்மந்தி என்று கூப்பிட்டது.

வயலற். மூத்தவன் ஜெறாட்டுடைய மாமியார். பாரிசில் கலியாணம் நடந்ததால் ஒருவரை ஒருவர் நேரே கண்டதில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் பார்த்ததுதான். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கையில் ஒரு கடைப் பெட்டி, பின்னால் நிழல் தேடிக்கொண்டு இரண்டு மூன்று சொந்தக்காரர். தாயின் ஆண்டுப் பூசைக்குத் தாய் பிறந்த தீவுக்கு வந்தாளாம், நாளைக்குப் பிளேனாம், வீட்டுக்கு வந்து எட்டிப் பார்க்க ஒரு பொழுது கிடைக்கவில்லையாம், குறை நினைக்க வேண்டாமாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, பெர்ப்பேத்தம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, அண்ணை எங்கே என்று கேட்டாள். அண்ணை. அந்த அண்ணையை ஜெறாட் உண்டாக்கி வைத்திருந்தான். அப்பா கப்பலில் கப்டனாக இருந்து பென்சன் எடுத்தவர் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தான். கலியாணப் பேச்சு நேரத்தில் போனில் சொன்னான், அம்மா, கேட்டா அப்பிடித்தான் சொல்லுங்கோ என்று. அவள் ஓம் ராசா என்றாள். ஒரு ஓம். அதற்குப் பிறகு மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் போன் அடிக்கும்போதெல்லாம், முற்றத்தில் வலை முடிந்துகொண்டிருக்கிற மனிசன் தெரியாத விதமாய்ப் போனைக் கொஞ்சம் திருப்பி, திருஇருதயப் படம் பின்னால் வரும்படியாகப் பிடித்துக்கொண்டுதான் அவள் பேசினாள். ஆண்டவரை மறைப்பாக வைத்துக்கொண்டு. திருப்பினது இரண்டு விரற்கடைதான். அது ஒரு விஷயமாகவே அவளுக்குத் தெரிந்ததில்லை. இப்போது, இந்த அறைக்குள்ளே குந்தியிருக்கும்போது, எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று நினைக்கவே பயமாக இருந்தது. இன்றைக்குத் தவறி விழுந்த சொல் இல்லை இது, மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பிடித்துப் பழகின கை. அதனால்தான் வாய் தடுமாறவில்லை. காய்ச்சல், வீட்டில் படுத்திருக்கிறார் என்று தண்ணீர் மாதிரி வந்தது. அப்போது வயலற் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அந்தப் பக்கம் பார்த்தாள். பார்த்து, தாழ்ந்த குரலில், அவளுக்கென்றால் அது தாழ்ந்த குரல், கேட்டாள்.

"அது ஆர், எங்களையே பாத்துக்கொண்டு நிக்கிறார்?"

"அது தோணிக்காரர். கூட்டிக்கொண்டு வந்தவர்."

பாவம் என்றாள் வயலற். நல்ல மனம் உள்ளவள், அதுவும் சேர்ந்து குத்தியது. பெட்டியைத் திறந்து, சாப்பிட்டு மிஞ்சின, மீன் வைத்த மாலுபாண் இரண்டை ஒரு கடுதாசிப் பையில் போட்டு, அந்த ஆளுக்குக் குடுங்கோ சம்மந்தி, வெய்யிலுக்க நிக்கிறார் என்று நீட்டினாள். வாங்காமல் விட்டிருக்கலாம். கை வாங்கியது. பத்தடி நடந்தாள். முப்பத்தாறு வருஷமாக அந்த மனிசனுக்கு அவள் சோறு போட்டுக் கொடுத்திருக்கிறாள், பிள்ளை பெற்ற மூன்றாம் நாளும் கொடுத்திருக்கிறாள், சண்டை பிடித்த நாளும் தட்டைத் தள்ளிவிட்டாவது கொடுத்திருக்கிறாள், இப்படி ஒருநாளும் கொடுத்ததில்லை. அந்த அம்மா தந்தவ என்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, வயலற் நின்ற பக்கம் திரும்பி, நல்லாயிருங்கோ என்றார். யாரோ ஒரு தோணிக்காரர் யாரோ ஒரு அம்மாவுக்குச் சொல்லுகிற மாதிரி. சொல்லிவிட்டுச் சுவரோடு சுவராக நடந்து வெளியே போய்விட்டார். வயலற்றும் நேரமாச்சு என்று கன்னத்தில் கொஞ்சிவிட்டுப் போனாள். கேட்டிருக்குமா? பத்தடி. காற்றில்லாத மத்தியானம். கண் மங்கினவர்களுக்குக் காது கூர் என்கிறார்கள். ஆனால் அவள் மெதுவாகத்தான் சொன்னாள். மெதுவாகச் சொன்னாளா? அந்தச் சுவர்கள், கூரை இல்லாத அந்த வெறும் சுவர்கள், ஒரு இருமலைக்கூட இரண்டாகத் திருப்பித் தருகிற சுவர்கள். திருப்பிச் சொன்னால் கேட்டது என்று அர்த்தம். கோட்டைக்குக் கேட்டது. அவருக்கு? கேட்டிருக்கக் கூடாது மாதாவே என்று மன்றாடினாள், பிறகு, இப்படி ஒரு மன்றாட்டை மாதா எப்படிக் கேட்பாள் என்று வெட்கப்பட்டு நிறுத்தினாள். அவர் கேட்டிருக்காவிட்டால் பாவம் இல்லாமல் போய்விடுமா? அவருக்கு நோகக்கூடாது என்று மன்றாடுகிறாளா, தனக்கு அகப்படக்கூடாது என்று மன்றாடுகிறாளா? நிழல் அவளுடைய காலை விட்டு விலகி வெயில் ஏறியது. அவள் நகரவில்லை, சுடட்டும் என்று இருந்தாள். பிறகு அதுவும் ஒரு நடிப்பு மாதிரிப் பட்டது, ஆர் பார்க்கிறார்கள் என்று நகர்ந்து குந்தினாள். ஆர் பாக்கப்போகினம். மறுபடியும் சேட்டு.

மூன்று மணிக்குப் பனையோலை சலசலத்தது. அவள் எழும்பிப் போனாள். துறையில் அவர் தோணியைத் தயாராக்கி வைத்திருந்தார், முழங்கால் தண்ணீரில் நின்றார். கோடு போட்ட சேட்டைப் போட்டிருந்தார். ஏன் போட்டார் என்று கேட்காமல் தண்ணீருக்குள் இறங்கினாள். தோணியின் நடுவில், சாமான் வைக்கிற இடத்தில், ஒரு சாக்கை நான்காய் மடித்துப் போட்டிருந்தது. துறைக்குத் துறை ஆட்களை ஏற்றுகிற நாட்களில் பயணி இருக்கிறதற்கு அப்படித்தான் போடுவார். அவர் கையை நீட்டினார்.

"பாத்து ஏறுங்கோ அம்மா. வழுக்கும்."

முப்பத்தாறு வருஷத்தில் அவர் அவளை ஏறுங்கோ என்று சொன்னதில்லை. நீ தான், எடி தான், நல்ல மனம் வந்தால் பெர்ப்பேத்து. அவள் அந்தக் கையைப் பிடித்து ஏறி, போட்டிருந்த சாக்கில் இருந்தாள். பகிடிக்குச் சொன்னாரா? அவர் பகிடிக்காரர், பகிடி விடும்போது மூக்கு விரியும். மூக்கைப் பார்த்தாள், தலைத்துவாயின் தொங்கல் மறைத்தது. கோபமா? கோபம் வந்தால் அவர் பேசமாட்டார், இங்கே பேசுகிறாரே, மரியாதையாக அல்லவா பேசுகிறார். பாய் எழும்பியது. பாய்க்கயிற்றைக் கால்விரலில் சுற்றிக்கொண்டு, சுக்கானையும் அவரே பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தில் நிமிர்ந்து இருந்தார், கண் தெரிகிற மனிசன் மாதிரி. அவளுடைய இடம் அது. ஏழு வருஷமாக அவளுடைய உள்ளங்கைக் காய்ப்பு அந்தச் சுக்கான் தடியில் தேய்ந்தது. இப்போது அந்தக் கை மடியில் சும்மா கிடந்தது. தோணியில் கை சும்மா இருந்தால் எவ்வளவு பாரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆட்களை ஏற்றிப் போகும்போது அவர் கதை கேட்பார், எந்த ஊர், ஆரின் பிள்ளை என்று. அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் அணியத்தில் அடித்துக்கொண்டு வந்தது. பிள்ளைகளை நினைத்தாள், ஜெறாட்டைச் சின்னதில் இதே தோணியில் இடுப்பில் கயிறு கட்டி இருத்தின நாளை நினைத்தாள், கயிற்றின் மற்றத் தலைப்பு அவருடைய இடுப்பில் இருந்ததை நினைத்தாள், அதற்குமேல் நினைக்க முடியாமல் கடலைப் பார்த்தாள். வெயில் சாயத் தொடங்கியபோது எங்கள் துறையின் முருகைக்கல் பார் கிட்டியது. இரண்டு பாருக்கு நடுவே ஒரு தோணி போகிற வழிதான் உண்டு, தண்ணீரின் நிறம் பார்த்துத்தான் போகவேண்டும். அவள் வாயைத் திறந்தாள். கோயில் முடி பனைக்கு இடப்பக்கம். அவர் திருப்பிச் சொல்லவில்லை. காற்றில் போயிருக்கும் என்று உரத்துச் சொன்னாள். பனைக்கு இடப்பக்கம். அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார், பனை இல்லாத பக்கம். தண்ணீர் வெளிறிக்கொண்டு வந்தது, கீழே கல் தெரிந்தது, கோட்டைச் சுவரில் கண்ட அதே கோலம் தண்ணீருக்குள் ஆடியது. பயணி சொன்னால் எந்தத் தோணிக்காரர் கேட்பார்?

அவள் எழும்பினாள். பாயைக் குனிந்து கடந்து, குறுக்குச் சட்டங்களைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய், அவர் பக்கத்தில் இருந்து, சுக்கான் தடியில் கிடந்த அவருடைய கையின் மேல் தன் கையை வைத்தாள். அவ கேட்டவ, நான் சொன்னன், நான் உங்களை என்று தொடங்கினாள். மிச்சம் வரவில்லை. அவர் கையை எடுக்கவும் இல்லை, தரவும் இல்லை. பிறகு ஒரு சாண் தள்ளி இருந்தார்.

"குறியைச் சொல்லு."

கோயில் முடி, பனைக்கு இடப்பக்கம் என்றாள். பனைக்கு இடப்பக்கம் என்றார். சுக்கான் அவள் கைக்கு வந்தது. தோணி வெளிறின தண்ணீரை விட்டுத் திரும்பி நீலத்துக்குள் இறங்கியது. அவர் பாய்க்கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, சேட்டுக்குள் கையை விட்டு, நசிந்துபோன கடுதாசிப் பை ஒன்றை எடுத்தார். பிரிக்கவே இல்லை, இரண்டு மாலுபாணும் அப்படியே இருந்தன. ஒன்றை அவள் மடியில் வைத்தார்.

"இந்தா. சம்மந்தி வீட்டுப் பலகாரம்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் முற்றத்தில் வலை முடிந்துகொண்டு அவர் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார். கோட்டைக்குள்ளே சம்மந்தி என்ற முதல் சொல்லிலேயே அவருக்கு ஆள் தெரிந்திருக்கிறது. முன்னுக்கு வந்து நிற்காமல் சுவரோடு நின்றது, அவளாகக் கூப்பிடட்டும் என்றுதான். போன் திரும்புகிறதும் அவருக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும். அவள் அந்தப் பாணைக் கடித்தாள். மென்றாள், விழுங்கினாள், அவரும் தின்றார், கரை சேரும் வரைக்கும் இருவரும் குறியைத் தவிர வேறு ஒன்றும் பேசவில்லை. இன்றைக்கு வரைக்கும் அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றாள் பெர்ப்பேத்தம்மா. இரண்டு தரம் பாவசங்கீர்த்தனம் செய்தாளாம். சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னாராம், அது காணாது என்று அவளுக்குத் தெரிகிறதாம். ஜெறாட்டிடம் போனில் உள்ளதைச் சொல்லிவிட்டாளாம், அவன் போனை வைத்துவிட்டானாம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போனை முற்றத்தைப் பார்க்கப் பிடிக்கிறாளாம். வயலற் அதற்குப் பிறகு பேச வரவில்லையாம். அன்றைக்குச் சொன்னதைத் திருத்திச் சொல்ல, அந்தக் கேள்வியை இன்னொருதரம் ஆராவது கேட்கவேண்டுமே, ஊரில் எல்லாருக்கும்தான் தெரியுமே, ஆர் கேட்பார்கள் என்று செருப்பைக் காலில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

நீங்கள் எங்கள் துறைப் பக்கம் வந்தால், பின்னேரம் ஐந்து மணிபோல ஒரு பாய்த்தோணி வரும், சுக்கானில் அவள் இருப்பாள், கயிற்றோடு ஒரு கிழவர் இறங்குவார். அவரைக் காட்டி, அது ஆர் என்று அவளிடம் ஒருதரம் கேளுங்கள்.